கேட்டவர் என்ன செய்தார்?

சென்ற வாரம் ஒரு கையெழுத்துப் போடுவதற்காக அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் பழைய ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் கம்பெனி அது. இருபத்திரண்டு வருஷம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதாம். ஒரு பெண் எனக்குப் போட்டுக் காட்டினாள். படத்தை உள்ளே தள்ளிவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் தமிழ் வந்து நிற்கிறது. ஏதாவது குறை அகப்படும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அப்போ நீங்கல்லாம் எப்படி மேடம் பண்ணீங்க? அவங்க பேசுற லோக்கல் பாஷையெல்லாம் யாருக்குப் புரியும்?" என்று அவள் கேட்டாள்.

"திருவேற்காட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்களைக் கேட்போம்" என்றேன்.

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மிச்சத்தையும் அங்கே சொல்லியிருந்தால், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ஆட்டோ பிடித்து மேனாம்பேட்டில் என் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நான் படித்தது புத்தக ஆங்கிலம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. படத்தில் ஒருத்தி தன் தோழியைப் பார்த்து "ஷட் த ஃப்ரண்ட் டோர்!" என்கிறாள். "வாசல் கதவைச் சாத்து" என்று எழுதிவிட்டேன். எங்கள் மேலாளர் அற்புதராஜ் சார் என்னைக் கூப்பிட்டு அந்தக் காட்சியை ஓட்டினார். இரண்டு பெண்களும் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பார்க்குக்கு ஏதும்மா வாசக்கதவு?" என்றார்.

நான் எழுதியிருந்த வரியை அடித்தேன்.

"சொன்னவள விடு. கேட்டவ என்ன பண்ணா?"

"சிரிச்சா சார். தலைய ஆட்டினா."

"அவளுக்குப் புரிஞ்சிருக்கில்ல? அவளப் பாத்து எழுது. 'அட, நெஜமாவா'ன்னு ஏதோ சொல்லியிருக்கா."

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பென்சிலால்தான் திருத்துவார். திருத்திய இடத்தில் பொடியாகப் போன ரப்பர் தூளை ஊதாமல், ஒரு காகிதத்தில் தள்ளிக் கூடையில் போடுவார். ஆவடியில் ஒரு சர்ச்சில் மூப்பர். வேலையில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. அதுதான் சந்தேகச் சீட்டு.

புரியாத சொல் வந்தால் அகராதியைப் பிரிக்கக் கூடாது, நெட்டிலும் தேடக் கூடாது. நெட்டில் ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் போட்டிருப்பான், எட்டு அசிங்கமாக இருக்கும். ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். படத்தில் அது வரும் நேரம், யார் யாரிடம் சொல்கிறார், அதற்கு முந்திய வரி, அந்தச் சொல். ஐந்தாவது கட்டம், கேட்டவர் என்ன செய்தார். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சீட்டு என் மேஜைக்கே திரும்பி வந்துவிடும். "முறைத்தார்" என்று மட்டும் எழுதினாலும் வரும். எத்தனை நேரம் முறைத்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்பார்.

இவ்வளவு எதற்கு என்றால், சீட்டுக்குப் பதில் எழுதுகிறவர் படத்தைப் பார்க்க முடியாது. வெளிவராத படங்கள் அவை. ஒரு பூட்டிய அறையில், செல்போனை வெளியே வைத்துவிட்டு, ஒரு படத்துக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் பார்ப்போம். ஒரு துண்டுக்காட்சி வெளியே போனாலும் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் வெளியே போவது அந்த ஒரு தாள் மட்டும்தான்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அர்த்தம் சொன்னவர் ஸ்டெல்லா அம்மாள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. அமெரிக்காவில் வெவ்வேறு வீடுகளில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் என்று பதினைந்து வருஷம் இருந்துவிட்டுத் திருவேற்காட்டுக்குத் திரும்பியவர். அவர் ஆங்கிலம் முழுக்கக் காதால் வந்தது. எழுதத் தெரியாது என்பதால் அவர் தமிழில் சொல்ல, கணவர் ஞானப்பிரகாசம் தட்டி அனுப்புவார். முதல் வருஷங்களில் போனில் நானே பேசியிருக்கிறேன். "இது மாமியார் முன்னால சொல்லக் கூடாதும்மா, கொழுந்தியாகிட்ட சொல்லலாம்" என்பார். அவ்வளவுதான், எனக்குத் தமிழ் கிடைத்துவிடும். பிறகு அவருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு வந்தது. பேச முடியவில்லை, எல்லாவற்றையும் மெயிலில் அனுப்புங்கள் என்று கணவர் எழுதினார். சீட்டு காலையில் போகும், பதில் மதியத்துக்குள் வரும். வருஷக்கணக்கில் ஒருநாள் தவறியதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் இருக்கும்போது ஒரு படம் வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கிராமத்தில் நடக்கிற குடும்பக் கதை. அதில் ஒரு கிழவி சமையலறையில் மருமகளைப் பார்த்து "பிளெஸ் யுவர் ஹார்ட்" என்கிறாள். பார்த்தால் ஆசீர்வாதம் மாதிரி இருக்கிறது. ஐந்தாவது கட்டத்தில் "மருமகள் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள்" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் இப்படி வந்தது: "ஆசீர்வாதம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் முட்டாளே என்று சொல்வதற்குப் பதில் இதைச் சொல்வார்கள். மருமகள் சிரித்தது சரி. கையிலிருந்த காகிதத் துண்டைக் கிழித்துக்கொண்டே இருந்தாளே, அதை ஏன் எழுதவில்லை?"

நான் துண்டைக் கவனிக்கவே இல்லை. அறையைத் திறந்து காட்சியை மறுபடி ஓட்டினேன். திரையின் அடியோரத்தில், பாதி விரல்தான் தெரிகிறது. அந்த விரல்கள் ஒரு காகிதத்தை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தன.

ஊகமாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் இன்னொன்று. "கதவுக்குப் பின்னால் நிற்கிற பையனும் இதைக் கேட்டான். அதனால் கொஞ்சம் நாகரிகமான சொல்லாகப் போடுங்கள்." பையன் நின்றான். மூன்று தடவை ஓட்டிய பிறகுதான் இருட்டில் அவன் சட்டைக் காலர் என் கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்குத் தெரிந்தது படத்தை அனுப்பியவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. அவர்கள் ஆள் மாதம் ஒருமுறை எங்கள் மெயில்களைப் புரட்டிப் பார்ப்பான். சீட்டில் இல்லாத விஷயம் பதிலில் எப்படி வந்தது, படத்தை வெளியாளுக்குக் காட்டியது யார், ஒரு வாரத்துக்குள் பெயர் வேண்டும் என்று எழுதிவிட்டான். அந்தப் படத்துக்கு அறைக்குள் போனவள் நான் ஒருத்திதான்.

அற்புதராஜ் சார் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "விமலா, நான் ஒண்ணும் கேக்கல. திங்கட்கிழமைக்குள்ள நீயே சொல்லு."

அவர் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். படம் திருடி விற்றவள் என்ற பெயரோடு அந்த எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? அவமானத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவேற்காட்டுக்குப் போனேன்.

கோயிலைத் தாண்டி ஒரு பழைய பிளாட், இரண்டாவது மாடி. ஞானப்பிரகாசம் கதவைத் திறந்தார். எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், கட்டுமஸ்தான கை. நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா, வாம்மா. சீட்டு அனுப்புற அம்மாவா?" என்று உள்ளே அழைத்துப் போனார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்காரப் போனேன்.

"அங்க குந்தாதம்மா. இத்தோ, இதுல குந்து" என்று மற்றதை இழுத்துப் போட்டார்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா அம்மாளின் போட்டோ, மாலை, கீழே சின்ன பல்பு.

"எப்போ?" என்றேன்.

"ரெண்டு வர்சம் ஆவுது. தொண்டையில கேன்சரு."

"அப்போ பதில் எழுதறது?"

"அவதான். நான் எங்க? எனக்கு ஏபிசிடி படிக்கத்தான் தெரியும். சீட்டு வந்துச்சா, அந்த சேருக்கு எதுர்ல குந்திகினு ஒவ்வொரு எழுத்தா சத்தமா படிப்பேன். கொஞ்ச நேரம் ஆவும். அப்பறம் சொல்லுவா."

"காதுல கேக்குதா?"

யோசித்தார். "கேக்கறதுன்னு இல்லம்மா. பக்கத்து ரூம்ல யாரோ கீறாங்கன்னா நமக்குத் தெரியும்ல? அப்டி. இன்னா சொல்றான்னு தெரிஞ்சிடும், அத அடிப்பேன்."

மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். அப்படி நினைத்தாலும் காகிதத் துண்டுக்கும் சட்டைக் காலருக்கும் பதில் கிடைக்கவில்லை. இந்த ஆளுக்கு ஆங்கிலமே தெரியாது. அந்த நாற்காலிப் பக்கம் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மத்தியானம் மூன்று மணி, ஜன்னல் நிறைய வெயில், கீழே யாரோ தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸ் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பயந்துபோய் என் முன்னால் கைகூப்பினார்.

"சீட்ட நிறுத்திடாதம்மா. சீட்டு வந்தாத்தான் அவ பேசறா. மத்த நேரம் நான் எவ்ளோ கூப்ட்டாலும் வர்றதில்ல. திட்டிப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம உன்கிட்டேந்து சீட்டு வராதுல்ல? அன்னிக்கி இந்த ஊட்ல நான் ஒண்டியாத்தான் கீறேன்."

நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குச் சீட்டு நின்றுவிடும். சொல்லாவிட்டால் நான் திருடி. ஞாயிறு முழுக்க இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு என் பெயர்தான் பெரிதாக இருந்தது.

அவர் பென்சிலை மேஜையில் படுக்கவைத்தார். "செத்தவங்ககிட்ட கேக்கறது எங்களுக்குப் பாவம்மா" என்றார். பிறகு, "இல்ல, நீ காட்டியிருக்கணும். இல்லன்னா அந்த ஆள் நடிக்கிறான்" என்றார். அவர் என்னை நம்பவில்லை என்பது அந்த வார்த்தையை விட அதைச் சொன்ன தணிந்த குரலில்தான் அதிகம் தெரிந்தது.

"ஒரு சீட்டு நானே எழுதறேன். நீ இந்த ரூமை விட்டு வெளிய போகாத. போனையும் குடுத்துடு."

எந்தப் படத்திலும் இல்லாத ஒரு வசனத்தை அவரே இட்டுக்கட்டினார். "தி கோட் ஹேஸ் ஈட்டன் டியூஸ்டே." ஆடு செவ்வாய்க்கிழமையைத் தின்றுவிட்டது. நேரம் என்ற கட்டத்தில் ஏதோ ஒரு எண். யார் யாரிடம் என்ற கட்டத்தில், மேலாளர் ஒரு பெண் ஊழியரிடம். அவர் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. பின்னால் இருந்த இரும்பு பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் வந்ததும் அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"இப்படி எந்த ஊரிலும் சொல்வதில்லை. சொல்பவருக்கே இதற்கு அர்த்தம் தெரியாது. கேட்டவர் என்ன செய்தார் என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். கேட்டவர் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்."

அங்கே நிறுத்திவிட்டார். மீதியை அவர் வாயால் படிக்க முடியவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். நானே படித்தேன். "வலது காலில் செருப்பு இல்லை. அவர் பொய் சொல்லவில்லை."

அன்று காலை அவர் அறை வாசலில்தான் வலது செருப்பின் வார் அறுந்தது. அறுந்ததை வெளியே உதறிவிட்டு ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்திருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு என் கால் தெரிந்திருக்க வழியில்லை. அவர் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து என் காலைப் பார்த்தார். நிமிர்ந்ததும் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா" என்றார். "உக்காரு. என்னை மன்னிச்சுடு."

படக் கம்பெனிக்கு அன்றே பதில் எழுதினார். கசிவு இல்லை, ஆலோசகரின் ஊகம் அது, அதற்கு நான் பொறுப்பு என்று தன் கையெழுத்தைப் போட்டார். வேறு மேலாளர் என்றால் என்னைத் தள்ளிவிட்டிருப்பார். சீட்டை என்ன செய்வது என்று நானாகக் கேட்கவில்லை. மறுநாள் காலை அவரே, "வழக்கம்போல அனுப்பு. நான் பாக்கல" என்றார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அந்த அறையில் தனியாக இருக்கும்போதுகூட அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். நானும் வீட்டில் புடவை மாற்றும்போது விளக்கை அணைக்க ஆரம்பித்தேன். சிரிக்கலாம், ஆனால் செய்தேன்.

கம்ப்யூட்டர் வந்ததும் ஆபீஸில் சந்தேகச் சீட்டு நின்றது. அதற்குள் நானும் ஓய்வு பெற்றிருந்தேன். ஞானப்பிரகாசத்திடம் நான் அதைச் சொல்லவே இல்லை. தினமும் காலையில் டிவியில் ஏதாவது ஓர் ஆங்கிலப் படத்தைப் போட்டு, அர்த்தம் தெரிந்த சொல்லைக்கூடத் தெரியாத மாதிரி ஐந்து கட்டத்திலும் நிரப்பி, என் செல்போனிலிருந்து அனுப்புவேன். பதில் மதியத்துக்குள் வந்துவிடும். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பதிலைத் திறக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுப்புவதில்லை. அது பழைய பழக்கம், மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த மனிதர் அன்று தனியாக இருப்பார் என்று தெரிந்தும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போது என்மீதே கோபம் வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் மெயிலிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். நான் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கவில்லை. வெளிக்கதவு தாழ்ப்பாள் போடவில்லை. யாரையாவது அனுப்புங்கள்."

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அயனம்பாக்கம் தாண்டும்போதுதான், விழுந்தவர் அவர் என்றால் இதை அடித்தது யார் என்ற கேள்வி வந்தது. டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். கதவு, தள்ளினதும் திறந்துகொண்டது. குளியலறையில் ஞானப்பிரகாசம் மண்டையில் ரத்தத்தோடு கிடந்தார், மூச்சு இருந்தது. அவர் போன் சாப்பாட்டு மேஜையின் மேல், அந்த நாற்காலிக்கு எதிரில் இருந்தது. ஸ்க்ரீன் இன்னும் அணையவில்லை. நான் அதைத் தொடவில்லை.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் வார்டில் அவருக்கு நன்றாக நினைவு வந்தது. தலையில் கட்டோடு என்னைப் பார்த்து, "நீ எப்டிம்மா வந்தே?" என்று கேட்டார். என் போனில் அந்தச் செய்தியைத் திறந்து கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார்.

"அவருன்னு போட்டுகீறா பாரும்மா" என்று சிரித்தார். "முப்பத்தெட்டு வர்சம் குடித்தனம் பண்ணா. யோவ்னு சொல்லுவா, இல்லாட்டி அதுவும் இல்ல. ஒருநாளு அவருன்னு சொன்னதில்ல." மறுபடியும் படித்தார். "அன்னிக்கி நீ அனுப்புன சீட்டு இன்னா? எனக்கு நெனவே இல்லியே."

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நான் சீட்டே அனுப்பலைங்க" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. போனை நெஞ்சின்மேல் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"கேக்காமயே பேசிகீறா" என்றார். எனக்கு முகத்தைக் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போனைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.